‘அட்வான்ஸ்ட்’ பொத்தானை அமுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ரவுட்டர் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதன் பிறகு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் முக்கால்வாசி ரவுட்டர்தான். அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை. ஹட்டனில் போனும் கம்ப்யூட்டரும் திருத்துகிற ஒரு சின்னக் கடையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதையே இங்கேயும் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்: ரவுட்டருக்குள் எதை மாற்றுவதாக இருந்தாலும், மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்து என்னவென்று தெரிந்தால் எந்தக் குழப்பத்திலிருந்தும் திரும்பி வந்துவிடலாம்.

கேள்வி: எங்கள் வீடு லயத்தை ஒட்டியது. சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறோம். காலையில் நன்றாக ஓடுகிறது. மாலை ஆறரைக்குப் பிறகு, சாதாரண தரத்துக்குப் படிக்கிற மகளின் ஸூம் வகுப்பு சுற்றிக்கொண்டே நிற்கிறது. அண்ணன் மகன் யூடியூப் பார்த்து டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றினான். ஏபிஎன்னையும் எதுவோ மாற்றினான். பலன் இல்லை. இப்போது ‘பேண்ட் லாக்’ செய்யலாம் என்கிறான். செய்யலாமா?
– ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: டீச்சர், மருமகன் ஆர்வமான பிள்ளை. கையைக் கட்டிப்போட வேண்டாம். ஆனால் வரிசை தவறிவிட்டது.

இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடிக் கொடுப்பதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. 8.8.8.8 கூகுளுடையது, 2009இல் வந்தது. 1.1.1.1 கிளவுட்ஃபிளேர் கம்பனியுடையது, 2018இல் வந்தது. நம் கம்பனியின் டிஎன்எஸ் தகராறு செய்கிற நாளில் இரண்டும் கைகொடுக்கும். மற்றபடி, பக்கம் திறக்க ஆரம்பிக்கும்போதே அதன் வேலை முடிந்துவிடுகிறது. வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அது பக்கத்திலேயே இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும், கெடுதல் கிடையாது. வேகம் மட்டும் அதால் கூடாது. ஏபிஎன்னைப் பழைய எழுத்துக்கே திருப்பிவிடுங்கள். உங்கள் சிம் எந்த வாசல் வழியாகக் கம்பனிக்குள் போக வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. தவறான பெயர் இருந்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும். சரியான பெயரைக் கம்பனியின் வாடிக்கையாளர் இலக்கத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்து, பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்து உள்ளே போங்கள். ஹுவாவே 4ஜி ரவுட்டர் என்றால் பெரும்பாலும் 192.168.8.1. மற்றவற்றில் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதியே இருக்கும். ‘டிவைஸ் இன்ஃபர்மேஷன்’ அல்லது ‘சிக்னல்’ என்ற பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் கிடைக்கும். முகப்பில் தெரிகிற நாலு கோட்டை நம்பாதீர்கள். இந்த இரண்டையும் நம்புங்கள்.

ஆர்எஸ்ஆர்பி என்பது கம்பனியின் சிக்னல் கோபுரத்திலிருந்து வந்து சேரும் அலையின் பலம். எப்போதும் மைனஸில்தான் இருக்கும். மைனஸ் 80, 85 என்றால் சந்தோஷப்படலாம். மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 110ஐத் தாண்டினால் ஸூம் வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான். எஸ்ஐஎன்ஆர் என்பது அந்தப் பலம் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று காட்டுவது. 20க்கு மேல் அருமை, 10க்கு மேல் பரவாயில்லை, பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்தால் வெறும் இரைச்சல்.

இந்த இரண்டையும் விடியற்காலை ஒரு தடவை, இரவு எட்டு மணி வாக்கில் ஒரு தடவை, ரவுட்டரை அசைக்காமல் எழுதிவையுங்கள். கூடவே வேகத்தையும் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி இரண்டு நேரமும் ஒன்றாக இருந்து, வேகம் மட்டும் இரவில் விழுந்தால், அது நெரிசல். வேலை முடிந்து வீடு வந்த எல்லோரும் ஒரே கோபுரத்தில் தொங்குகிறார்கள். அதற்கு உங்கள் ரவுட்டரில் மருந்து கிடையாது, ஒரு வழியைத் தவிர. அந்த ஒரு வழிதான் பேண்ட், அதாவது அலைவரிசை.

ஒரே கோபுரம் பல அலைவரிசைகளில் பேசும். பேண்ட் 8 என்றால் 900 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 3 என்றால் 1800, பேண்ட் 40 என்றால் 2300. மெகாஹெர்ட்ஸ் குறைந்த அலைவரிசை மலை முடுக்கில் வளைந்து தூரம் வரும், சுவரையும் தாண்டும். ஆனால் அங்கே இடம் குறைவு. மெகாஹெர்ட்ஸ் கூடியது அகலமான பாதை. மரமும் மேடும் குறுக்கே வந்தால் முதலில் சாகிறதும் அதுதான். ரவுட்டர் தானாகத் தேர்ந்தெடுக்கும்போது பலமாகத் தெரிவதைப் பிடித்துக்கொள்ளும், அங்கே எவ்வளவு கூட்டம் என்று பார்க்காது. அதனால் மருமகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு பேண்டாகப் பூட்டிப் பார்க்கட்டும். எதில் வகுப்பு தடங்காமல் ஓடுகிறதோ அதில் விடட்டும், ஆர்எஸ்ஆர்பி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு எச்சரிக்கை. கம்பனி கொடுத்த ரவுட்டர்கள் பலவற்றில் இந்தப் பக்கத்தையே மறைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் இல்லைதான், கண்ட மென்பொருளை ஏற்றிப் பூட்டை உடைக்கப் போக வேண்டாம். இன்னொன்று, ஒரே பேண்டில் பூட்டிய பிறகு கோபுரத்தில் அந்த ஒன்று மட்டும் பழுதானால் உங்களுக்கு எதுவுமே வராது. அன்றைக்கு ‘ஆட்டோ’ என்று திருப்ப வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி. டிவிக்குப் பின்னால், உள் காம்பராவில், அலுமாரி மேலே என்றால் மேலே எழுதிய எல்லாம் வீண். நம் வீடுகளின் கூரை தகரம். தகரத்தை அலை ஊடுருவாது. ஜன்னல் வழியாக வருவதுதான் வரவு. இஸ்தோப்புப் பக்க ஜன்னல், பின்பக்க ஜன்னல் என்று ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்து ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் வைத்து எண்ணைப் பாருங்கள். மைனஸ் 108 காட்டியது, பக்கத்து ஜன்னலுக்குப் போனதும் மைனஸ் 96 ஆவதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். இந்த எண்கள் டெசிபல் கணக்கு, 3 கூடினாலே பலம் இரட்டிப்பு. அப்படியென்றால் 12 எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். வகுப்பு நடத்துகிறவர் நீங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்பக்கம் மூடிக்குள் இரண்டு திருகு முனை இருந்தால் வெளி அன்டெனா போடலாம். இரண்டு முனைக்கும் போட வேண்டும், ஒன்றுக்கு மட்டும் போட்டால் பாதிப் பலன்தான். சில ரவுட்டரில் ‘அன்டெனா செட்டிங்’ என்று ஒரு வரி இருக்கும், அதை ‘எக்ஸ்டர்னல்’ என்று மாற்றாவிட்டால் கூரையில் வைத்தது அழகுக்குத்தான். கேபிள் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அன்டெனா சம்பாதிப்பதைக் கேபிள் தின்றுவிடும். அதனால் நீளத்தைக் குறையுங்கள், பணத்தைக் கேபிளின் தரத்தில் போடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் இரவில் போனோடு இருக்கிறார்கள் என்று ‘பேரன்டல் கன்ட்ரோல்’ பகுதியில் இரவு 9 மணிக்கு வைஃபை நிற்கும்படி வைத்தேன். அது மாலை ஆறரைக்கே நின்றுவிடுகிறது. மனைவிக்கு நாடகம் போகிறது, எனக்கு ஏச்சு விழுகிறது. ரவுட்டர் பழுதா?
– ஒரு தந்தை, கொட்டகலை

பதில்: பழுது இல்லை அண்ணே, உங்கள் ரவுட்டர் இன்னும் சீனாவில் இருக்கிறது. ‘சிஸ்டம்’ அல்லது ‘டைம்’ என்ற பக்கத்தைத் திறந்து நேர வலயத்தைப் பாருங்கள். பெய்ஜிங், பிளஸ் 8:00 என்று நிச்சயம் இருக்கும். நமக்கு பிளஸ் 5:30. இரண்டரை மணி வித்தியாசம். இங்கே ஆறரை அடிக்கும்போது அங்கே ஒன்பது. கொழும்பு அல்லது சென்னை, பிளஸ் 5:30 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள், ‘என்டிபி’ என்ற வரி இயங்கும் நிலையில் இருக்கட்டும். பல ரவுட்டருக்குள் கடிகாரத்துக்கென்று பாட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் நேரத்தை இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும், அதற்குத்தான் அந்த என்டிபி.

பிள்ளைகளின் போனை மட்டும் நிறுத்த வேண்டுமென்றால், போனின் வைஃபை பக்கத்தில் ‘ரேண்டம் மேக்’ என்று இருப்பதை உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் நிறுத்திவையுங்கள். ரவுட்டர் ஒவ்வொரு போனையும் அடையாளம் காண்பது மேக் என்ற எண்ணால்தான், இப்போதைய போன்கள் உண்மையான எண்ணைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டும். அந்தப் பூட்டைத் திறக்கும் வழியை மூத்தவன் கண்டுபிடிக்க அதிக நாள் எடுக்காது என்பதையும் எதிர்பாருங்கள்.

கேள்வி: நைட் டேட்டா மிச்சம் கிடக்கிறது. அதைப் பகலில் பாவிக்க ரவுட்டரில் செட்டிங் இருக்கிறதா?
– ஓர் உயர்தர மாணவன், மஸ்கெலியா

பதில்: இல்லை தம்பி. மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு ரவுட்டரின் நேரத்தைத் திருப்பிப் பார்க்கலாம் என்று யோசிப்பாய். கணக்கு வைப்பது கம்பனியின் கணினி, உன் ரவுட்டர் இல்லை. பாடக் காணொளிகளை இரவில் இறங்கும்படி கம்ப்யூட்டரில் ஒரு டவுன்லோட் மேனேஜரில் நேரம் வைத்துவிட்டுத் தூங்கு.

கேள்வி: ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கம்பனியின் பெட்டி முன் அறையில். பின் அறைக்கு வைஃபை வராததால் புது ரவுட்டர் ஒன்று வாங்கினேன். கடைப் பையன் வந்து கம்பனிப் பெட்டியை இணையத்தை வெறுமனே கடத்திவிடுகிற ‘பிரிட்ஜ்’ ஆக்கி, புது ரவுட்டரில் பிபிபிஓஈ போட்டுக் கொடுத்தான். அதிலிருந்து வாட்ஸ்அப் ஓடுகிறது, கூகுள் ஓடுகிறது. வங்கிப் பக்கமும் இன்னும் சில பக்கங்களும் வெள்ளையாகவே நிற்கின்றன. வங்கிக்குப் போன் செய்தால் தங்கள் பக்கம் சரி என்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், பதுளை

பதில்: ஐயா, வங்கி சொல்வது சரி. பையன் செய்ததும் முக்கால்வாசி சரி. ஒரே ஓர் எண்ணில் தவறியிருக்கிறான் என்று நினைக்கிறேன். புது ரவுட்டரில் ‘வான்’ அல்லது ‘இன்டர்நெட்’ பக்கத்தில் அட்வான்ஸ்ட் என்பதை அமுக்கினால் எம்டியூ என்று ஒரு கட்டம் வரும். அதில் 1500 என்று இருக்கிறதா பாருங்கள்.

தகவல் இணையத்தில் சிறு சிறு பொதியாகத்தான் போகிறது. ஈதர்நெட் கம்பியில் ஒரு பொதியின் உச்ச அளவு, அதாவது எம்டியூ, 1500 பைட். பிபிபிஓஈ என்பது உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ளே நுழைகிற முறை. அது ஒவ்வொரு பொதியிலும் தன் முத்திரைக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. ரவுட்டர் 1500 என்றே நினைத்துக்கொண்டிருந்தால் முழு அளவுப் பொதிகள் வழியில் நின்றுபோகும். அளவு கூடிவிட்டது என்று திருப்பிச் சொல்லும் அறிவிப்பைச் சில தளங்கள் பாதுகாப்பு என்று சொல்லித் தடுத்துவைத்திருக்கின்றன. அதனால் அந்தத் தளம் அனுப்பிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு வந்து சேராது. வாட்ஸ்அப் செய்தி சின்னப் பொதி, நுழைந்துவிடும். எல்லாப் பக்கமும் நிற்காமல் சில பக்கம் மட்டும் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

1492 என்று அடித்துச் சேமித்து, ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். சரிதானா என்று பார்க்க விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் எஃப் எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் எல் எழுத்தும், பிறகு 1464, பிறகு 1.1.1.1. எழுத்தெல்லாம் சிறிய எழுத்து. பதில் வந்தால் பாதை சரி. அதே வரியில் 1464க்குப் பதில் 1472 போட்டால் பதில் வரக்கூடாது. பொதியைத் துண்டாக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், அல்லது நேரம் முடிந்தது என்று சொல்லும். 1464 ஏன் என்றால், பிங் தன் தலைப்புக்கு 28 பைட் எடுக்கும். கூட்டிப் பாருங்கள், 1492.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பின் அறைக்கு வைஃபை வர இவ்வளவு பாடு தேவையே இல்லை. கம்பனிப் பெட்டி தன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டு, புது ரவுட்டரை வைஃபை மட்டும் பரப்புகிற ‘அக்சஸ் பாயின்ட்’ ஆகப் போட்டிருந்தால் போதும். அப்படிப் போடுவதாக இருந்தால் கேபிளை வெளி இணையத்துக்கான வான் துளையில் சொருகாமல் வீட்டுக் கருவிகளுக்கான லான் துளையில் சொருக வேண்டும், புதியதில் முகவரி பங்கிடுகிற டிஹெச்சிபியை நிறுத்த வேண்டும், அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டில் இரண்டு பேர் ஒரே பெயருக்குக் குரல் கொடுப்பார்கள். பிரிட்ஜ் முறை, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கப் பிரியப்படுகிறவர்களுக்கு. உங்கள் கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கும் கொஞ்சம் அந்தப் பிரியம் இருக்கிற மாதிரி தெரிகிறது. இருந்தால் இப்படியே வைத்திருங்கள். ஆனால் அந்தச் சிறு ரீசெட் துளையில் யாரையும் ஊசி வைத்து அமுக்க விடாதீர்கள். பிபிபிஓஈ பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துவிடும். சில இணைப்புகளில் விலான் என்றோர் எண்ணும் சேர்ந்து போகும். திரும்பக் கேட்டு வாங்கக் கம்பனியின் வரிசையில் நிற்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் எங்கள் வைஃபை பாவிக்கிறார்கள் என்று சந்தேகம். பெயரை மறைத்துவைத்தால் நிற்குமா?
– குடும்பத் தலைவி, தலவாக்கலை

பதில்: நிற்காது அக்கா. மறைத்த பெயரைக் கண்டுபிடிக்க இலவச ஆப் போதும். பாஸ்வேர்டை மாற்றி, பாஸ்வேர்ட் அடிக்காமல் பொத்தானை அமுக்கிச் சேருகிற டபிள்யூபிஎஸ் என்பதை நிறுத்தி, பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று வையுங்கள். ரவுட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்ட் ‘அட்மின்’ என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள். புது பாஸ்வேர்டைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டுக்குப் போனதே அவர்கள் வழியாகத்தான் இருக்கும்.

கேள்வி: எல்ல ஊர்ப் பக்கம் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறோம். 4ஜி ரவுட்டர். வாசல் கேமராவைப் பண்டாரவளைக் கடையில் இருந்தபடி பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் கேமராவுக்குத் திருப்பிவிடுகிற ‘போர்ட் ஃபார்வேர்டிங்’ சொன்னபடி எல்லாம் செய்தோம். வீட்டுக்குள் தெரிகிறது, வெளியே தெரியவில்லை.
– கணவனும் மனைவியும், பண்டாரவளை

பதில்: நீங்கள் போட்ட எண்களில் தவறு இருக்காது. ரவுட்டரின் முகப்பில் ‘வான் ஐபி’ என்று இருக்கிற எண்ணைப் பாருங்கள். 10 என்று ஆரம்பித்தாலோ, 100.64இலிருந்து 100.127க்குள் இருந்தாலோ போர்ட் ஃபார்வேர்டிங் உங்களுக்கு வேலை செய்யாது. 4ஜியில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பழைய ஐபி முறையில் உலகத்துக்கே சுமார் 430 கோடி முகவரிகள்தான். நம் ஆசியப் பகுதிக்கான கையிருப்பு 2011இல் கடைசிப் பங்குக்கு வந்துவிட்டது. அதனால் கம்பனிகள் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைக் கொடுத்து, உள்ளே தங்கள் எண்ணைப் போட்டுச் சமாளிக்கின்றன. அதற்கென்றே 2012இல் ஒதுக்கிய வரிசைதான் அந்த 100.64. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாமல், தோட்டத்தின் பெயருக்கு ஆபீசுக்குத் தபால் வந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும்தானே, அதுதான் இது. நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால் ஆபீசுக்குத் தெரியும், கொண்டுவந்து தரும். யாரோ புதிதாகத் தோட்டத்தின் பெயர் மட்டும் எழுதி அனுப்பினால் எந்த லயம், எந்தக் காம்பரா என்று ஆபீசுக்குத் தெரியாது. பண்டாரவளையிலிருந்து கேமராவைத் தேடி வருகிற உங்கள் போன் அந்த இரண்டாவது கடிதம்.

அதனால் கேமராவே வெளியே எழுத வேண்டும். கேமராவோடு வந்த ஆப்பில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சேர்த்தால் கேமரா தன் கம்பனியின் சர்வரோடு தானாகத் தொடர்பு வைத்துக்கொள்ளும், உங்கள் போன் அங்கே போய்ப் பார்க்கும். அடுத்தவர் சர்வர் வழியாக வாசல் படம் போவது பிடிக்கவில்லை என்றால், ஹோம்ஸ்டேயில் எப்போதும் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றில் டெயில்ஸ்கேல் மாதிரி, இணையத்துக்குள் தனிப் பாதை போடுகிற விபிஎன் போட்டு அதன் வழியாகப் பார்க்கலாம். காசு கூடக் கொடுத்தால் பொது ஐபி, அதாவது உங்களுக்கே தனியான வெளி முகவரி, தருகிற பேக்கேஜ்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

பொது ஐபி கிடைத்தாலும் கேமராவின் போர்ட்டை நேரே திறந்துவைக்க நான் சொல்ல மாட்டேன். 2016இல் மிராய் என்ற மென்பொருள் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராவையும் ரவுட்டரையும் பிடித்தது. தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் வைத்திருந்ததுதான் அதற்கு வழி. விருந்தாளிகள் தங்குகிற இடம் உங்களுடையது. இப்போது ஃபார்வேர்ட் செய்துவைத்திருக்கிற வரிகளை அழித்துவிடுங்கள், கருவிகள் தாமாகவே வழி திறந்துகொள்ளும் யூபிஎன்பி என்பதையும் நிறுத்துங்கள். விருந்தாளிகளுக்கு ‘கெஸ்ட்’ வைஃபை தனியாகத் திறந்து கொடுங்கள். கேமரா இருக்கிற வைஃபையின் பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: இடி மின்னலில் ரவுட்டர் எரிந்துபோகிறது. ஃபைபருக்கு மாறினால் அந்தப் பயம் இல்லையா?
– ஒரு கடைக்காரர், நோர்வூட்

பதில்: பாதிப் பயம் போகும். செம்புத் தொலைபேசிக் கம்பியில் மின்னலின் அதிர்ச்சி நேரே வீட்டுக்குள் வரும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் கரண்ட் ஓடாது. ஆனால் அடாப்டர் சுவரில்தானே சொருகியிருக்கிறது, அந்தப் பாதை அப்படியே இருக்கிறது. சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கோ டிவிக்கோ லான் கேபிள் போயிருந்தால் அதையும் உருவுங்கள், ஒன்று அடி வாங்கினால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகிறது அந்தக் கேபிள் வழியாகத்தான்.

எரிந்தது அடாப்டர் மட்டும்தானா என்று பாருங்கள், பல நேரம் ரவுட்டர் பிழைத்திருக்கும். புதியது வாங்கும்போது வோல்ட் அச்சாக அதே எண் இருக்க வேண்டும், 12 என்றால் 12. ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று இரண்டிலும் படம் போட்டிருக்கும், அதுவும் ஒத்திருக்க வேண்டும். பழைய அடாப்டரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.